இருபது கட்டு: வேலூருக்கு ஒரு படைப்பெழுத்துப் படிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர்ப் பக்கம் படைப்பெழுத்துக்கு, அதாவது கதை, கவிதை எழுதக் கற்பதற்கு, ஒரு முதுகலைப் படிப்பு வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு பதில்கள் வருகின்றன. எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்பது ஒன்று. வேலைக்குப் போகிறவர்களுக்குத் தபால்வழியில் பாடப் புத்தகம் அனுப்பி, சனி ஞாயிறு தொடர்பு வகுப்பு வைத்தால் தீர்ந்தது என்பது மற்றொன்று. முதல் பதிலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மிருதங்கத்தையும் சிற்பத்தையும் உட்கார்ந்து கற்கிற நாட்டில் எழுத்துக்கு மட்டும் என்ன விலக்கு? இரண்டாவது பதில்தான் ஆபத்தானது. அது பாதி சரி. அந்தப் பாதியை நம்பித் தொடங்கினால் இரண்டே ஆண்டில் இன்னொரு ‘நோட்ஸ் வாங்கிப் பரீட்சை எழுதும்’ படிப்பாகப் போய்விடும். இந்த முறை உண்மையில் எப்படி இயங்குகிறது என்று விளக்கவே இக்கடிதம்.

அமெரிக்காவில் இதை ‘லோ ரெசிடென்சி’ என்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை பத்து நாள் மட்டும் வளாகத்தில் தங்கல். மீதி நாள் முழுக்க வீட்டிலிருந்தபடியே ஓர் எழுத்தாளரிடம் தனித்தனியாகக் கற்பது. கவிஞர் எலன் பிரையன்ட் வோய்ட் 1976இல் வெர்மான்ட் மாநிலத்தின் காடர்ட் கல்லூரியில் இதைத் தொடங்கினார். 1981இல் அந்தப் படிப்பு வட கரோலினாவின் வாரன் வில்சன் கல்லூரிக்கு இடம்பெயர்ந்தது. இன்று பல கல்லூரிகள் நடத்தும் வடிவம் அங்கே கெட்டிப்பட்டதுதான். அதற்கு முன் படைப்பெழுத்துக்கான பட்டம் என்றால் 1936இல் தொடங்கிய அயோவா பல்கலைக்கழக எழுத்தாளர் பட்டறை போல, ஊரைவிட்டுப் போய் இரண்டு ஆண்டு தங்கிப் படிப்பதுதான் வழி. குழந்தை குட்டி, வேலை, வயதான பெற்றோர் என்று இருப்பவர்களால், குறிப்பாகப் பெண்களால், அது முடியவில்லை. ஆம்பூர், வாணியம்பாடியில் ஷூ கம்பெனி ஷிப்டில் இருப்பவருக்கும், வேலூர் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியருக்கும், பள்ளி ஆசிரியருக்கும், திருமணத்துக்குப் பின் குடியாத்தத்தில் வீட்டோடு இருக்கும் பட்டதாரிக்கும் இதே நிலைதான்.

வளாகத்தில் தங்கும் அந்தப் பத்து நாளை முகாம் என்போம். முழுப் படிப்பு நான்கு பருவம், ஐந்து முகாம். ஒவ்வொரு பருவமும் முகாமோடு தொடங்கும். ஐந்தாவது முகாம் பட்டம் வாங்க. முகாம் முடியுமுன் மாணவருக்கு ஒரு வழிகாட்டி அமர்வார். இருவரும் உட்கார்ந்து அந்தப் பருவத்தில் என்ன எழுதுவது, எந்தெந்தப் புத்தகங்கள் படிப்பது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவார்கள். அதன்பிறகு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை மாணவர் அனுப்ப வேண்டியதை ஆங்கிலத்தில் ‘பாக்கெட்’ என்கிறார்கள். விடைத்தாள் கட்டு என்று சொல்லிப் பழகிய நமக்குக் ‘கட்டு’ போதும். பருவத்துக்கு ஐந்து கட்டு. நான்கு பருவத்துக்கு இருபது. படிப்பின் உயிர் இந்த இருபதில்தான் இருக்கிறது. முகாம் பார்வைக்கு எடுப்பாக இருக்கும், புகைப்படம் வரும், துணைவேந்தர் வந்து குத்துவிளக்கு ஏற்றுவார். கட்டு யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் பணம் குறையும்போது முதலில் வெட்டு விழுவதும் அங்கேதான்.

கட்டில் மூன்று பகுதி. முதலாவது, சொந்த எழுத்து. ஆங்கிலத்தில் இரட்டை இடைவெளியில் 20 முதல் 25 பக்கம் என்பது வழக்கம். அது சுமார் 6,000 சொல். தமிழில் பக்கக் கணக்கு வேண்டாம், எழுத்துரு மாறினால் பக்கமும் மாறும். சொற்கணக்கும் அப்படியே பொருந்தாது: வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நிற்பதால் அதே அளவு கதை தமிழில் குறைந்த சொல்லில் அடங்கிவிடும். உரைநடைக்கு 4,000 சொல், கவிதைக்கு ஐந்தாறு கவிதை என்று வைப்பது சரியாக இருக்கும். இதில் பாதியாவது முந்தைய கட்டைத் திருத்தியதாக இருக்க வேண்டும். இந்த விதி இல்லாவிட்டால் மாணவர் ஐந்து கட்டிலும் ஐந்து புதுக் கதை அனுப்புவார், ஒன்றுகூட முடிந்திருக்காது.

இரண்டாவது, நுட்பக் குறிப்பு. படித்த இரண்டு புத்தகங்களைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பக்கம். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பள்ளியிலிருந்தே ‘கதைச்சுருக்கம் வரைக’, ‘பாத்திரப் படைப்பை விளக்குக’ என்று எழுதிப் பழகியதால் நூல் மதிப்புரை வந்து விழும்: “இக்கதை ஏழைகளின் அவலத்தை உருக்கமாகச் சித்திரிக்கிறது.” அது குறிப்பே அல்ல. எழுதுகிறவன் எழுதுகிறவனைப் பார்க்கும் கண் வேறு. உதாரணத்துக்கு, ஒரு கதை முழுக்கக் கணவன் ஒருமுறைகூட நேரில் பேசவில்லை, அவன் சொன்னதெல்லாம் மனைவியின் வாய்வழியாகவே வருகிறது, கடைசிப் பத்தியில்தான் முதல் நேர்க்கூற்று. அதை எழுத்தாளர் ஏன் அதுவரை அடக்கிவைத்தார், நடுவிலேயே பேசவிட்டிருந்தால் எது கெட்டிருக்கும்? இப்படி ஒரே ஒரு கேள்வியை எடுத்து, பக்க எண்ணோடு, வரியோடு நிறுவ வேண்டும். உரையாசிரியர்கள் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பக்கக் கணக்கில் வாதாடிய மரபு நமக்கு உண்டு. அந்தப் பழக்கம்தான் இங்கே வேண்டியது. பல்கலைக்கழகக் கருத்தரங்கக் கட்டுரை நடை வேண்டியதில்லை.

மூன்றாவது, கடிதம். ஒன்றிரண்டு பக்கம். இந்த மூன்று வாரத்தில் என்ன முயன்றேன், எதைத் தூக்கிப்போட்டேன், எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று வழிகாட்டிக்கு எழுதுவது. சம்பிரதாயமாகத் தோன்றும், ஆனால் வழிகாட்டி முதலில் பிரிப்பது இதைத்தான். செயற்கை நுண்ணறிவில் எழுதி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். தோற்றுப்போன இரண்டு வரைவுகளையும், ஏன் தோற்றன என்ற கடிதத்தையும் சேர்த்து அனுப்பச் சொன்னால் அந்தக் கவலையில் முக்கால்வாசி போகும். மீதிக்கு முகாமில் நேருக்கு நேர் பத்து நிமிடப் பேச்சு போதும்.

வழிகாட்டி ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாளுக்குள் பதில் எழுத வேண்டும். பிரதியின் ஓரத்தில் குறிப்புகள், தனியே மூன்று நான்கு பக்கக் கடிதம். நேரக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4,000 சொல்லை இரண்டு முறை படிக்க, நுட்பக் குறிப்புகளைப் பார்க்க, ஓரக்குறிப்பு எழுத, கடிதம் எழுத எப்படியும் ஆறு மணி நேரம். நான்கு மாணவர் என்றால் 24 மணி. ஐந்து என்றால் 30. சொந்த எழுத்தும் வேறு வேலையும் உள்ளவர் தாங்கக்கூடிய எல்லை அதுதான். அமெரிக்காவின் நல்ல படிப்புகள் வழிகாட்டிக்கு மூன்று முதல் ஐந்து மாணவர்களோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். பன்னிரண்டு பேரைத் தலையில் கட்டினால் 72 மணி நேரம். பதில் ‘நன்று, தொடர்க’ என்று சுருங்கிவிடும். மாணவர் எண்ணிக்கையை ஏற்றி இந்தப் படிப்பை லாபமாக்க முடியாது. இதை ஒத்துக்கொள்ளாத நிர்வாகம் தொடங்காமலே இருக்கலாம்.

பதில் எழுதுவதிலும் ஒரு கை வேண்டும். தமிழாசிரியர்களுக்குச் சிவப்பு மை மேல் ஆசை அதிகம். வரிவரியாகத் திருத்தித் திருப்பினால் மாணவர் அப்படியே பார்த்து எழுதி அனுப்புவார், கற்றது ஒன்றும் இருக்காது. முதல் மூன்று பக்கத்தில் மட்டும் அடர்த்தியாகக் குறி போட்டு, ‘இதே சிக்கல் மீதிப் பக்கங்களில் ஆறு இடத்தில் இருக்கிறது, தேடிப் பிடியுங்கள்’ என்று விட்டுவிடுவது பலன் தரும். வாக்கியத்தை மாற்றி எழுதிக் காட்டுவது கட்டுக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது. பருவத்துக்கு ஒரு வழிகாட்டி என்று மாற்றிக்கொண்டே போவதும் இதற்காகத்தான். நான்கு பருவமும் ஒருவரிடமே இருந்தால் அவர் நடையின் நகல் ஒன்று வெளியே வரும்.

வட ஆற்காட்டுக்கென்றே உள்ள ஒரு சிக்கலைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ‘இன்னா’, ‘வந்துகினு கீறான்’, ‘இஸ்துகினு போ’ என்று ஒரு மாணவர் எழுதினால் கொச்சை என்று வட்டம் போடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. கொங்கு வழக்கும் நெல்லை வழக்கும் கதைக்குள் கௌரவமாக உலவும்போது இந்தப் பக்கத்துப் பேச்சைச் சினிமா ரவுடிக்கும் கோமாளிக்கும் மட்டும் கொடுத்துப் பழக்கிவிட்டோம். வழிகாட்டி கேட்க வேண்டியது இது கொச்சையா என்பதல்ல. பாட்டி ‘கீறான்’ என்றால் பேத்தியும் அப்படித்தான் சொல்வாளா? படித்தவளாக இருந்தால் எந்த இடத்தில் தடுமாறி வீட்டுப் பேச்சுக்குத் திரும்புவாள்? முதல் பக்கத்தில் ‘கீது’, ஒன்பதாம் பக்கத்தில் ‘இருக்குது’ என்று அதே ஆள் பேசினால் அது பாத்திரமா, கவனக்குறைவா? இதற்கு எளிய கருவி ஒன்று உண்டு. முதல் கட்டோடு மாணவர் ஒரு பக்கப் பேச்செழுத்துப் பட்டியல் அனுப்ப வேண்டும்: எந்தச் சொல்லை எப்படி எழுதப் போகிறேன், யார் வாயில் எது வரும் என்று. றகரமா ரகரமா என்பதுகூட அதில் முடிவாகிவிட வேண்டும். இந்த ஒரு தாள் பாதித் தகராறைத் தவிர்க்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் வீட்டுக்குள் உருது பேசுகிறவர்களும், ஆந்திர எல்லையோரம் தெலுங்கு பேசுகிறவர்களும் தமிழில் எழுத வரும்போது இன்னொரு கேள்வி முளைக்கும். அம்மா உருதுவில் சொன்னதைத் தமிழில் எப்படி எழுதுவது? நல்ல தமிழில் எழுதினால் ஆள் மாறிவிடுகிறாள்; உருதுச் சொல்லை அப்படியே தூவினால் ஊறுகாய் மாதிரி தொட்டுக்கொள்ள மட்டும் ஆகிறது. ஒரு பருவம் முழுக்க இதை ஒன்றையே சோதித்துப் பார்க்கலாம். இதற்காகவே இந்தப் படிப்பு சென்னையில் இல்லாமல் இங்கே இருக்க வேண்டும் என்று சொல்வோம்.

கோப்பு விஷயம் சிறியதுதான், ஆனால் முதல் மாதத்தைத் தின்றுவிடும். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை (யுனிகோட்) தரமாக அறிவித்தும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது புரியாத ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். ஒருங்குறி மட்டும்தான் என்று சேர்க்கை அறிவிப்பிலேயே போட்டுவிட வேண்டும். கையால் எழுதுகிறவர்களை விலக்கக் கூடாது. பக்க எண் போட்டு, பகல் வெளிச்சத்தில் கைபேசியில் ஸ்கேன் செய்து ஒரே கோப்பாக அனுப்பினால் போதும். வாட்ஸ்ஆப்பில் துண்டு துண்டாக அனுப்புவதை முதல் நாளே தடுக்காவிட்டால் கட்டு என்ற ஒழுங்கே குலைந்துபோகும்.

தாமதத்துக்கும் விதி வேண்டும். ஒரு கட்டு பிந்தினால் அடுத்ததும் பிந்தும். நான்காவது கட்டில் ஆள் காணாமல் போவார். பருவத்துக்கு ஒரு முறை ஒரு வாரத் தவணை தரலாம். தவறிய கட்டை அடுத்ததோடு சேர்த்து இரட்டையாக வாங்கக் கூடாது. இடையில் பதில் வராமல் எழுதிய எட்டாயிரம் சொல் அதே தவறை இரண்டு முறை செய்ததாகவே இருக்கும். வாரத்துக்கு 20 முதல் 25 மணி நேரம் வேண்டும் என்பதைச் சேருமுன்பே சொல்லிவிடுவது நாணயம். தினமும் இரண்டு மணி, ஞாயிறு எட்டு மணி என்றால் 20 தேறும். காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போய் வருகிறவர்களுக்குப் படிப்பு நேரம் பெட்டியிலேயே கிடைத்துவிடும். எழுதும் நேரம்தான் கிடைக்காது.

பென்னிங்டன் கல்லூரியின் படிப்பு, ‘நூறு புத்தகம் படி, ஒன்றை எழுது’ என்பதையே தன் வாசகமாக வைத்திருக்கிறது. நூறு முடியாவிட்டாலும் நான்கு பருவத்தில் ஐம்பதாவது வேண்டும். மாவட்ட மைய நூலகத்தையும், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களை இலவசமாகத் தரும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் வைத்தே பழைய நூல்களைச் சமாளிக்கலாம். சமகால நூல்களுக்குப் பணம் வேண்டும்; ஒவ்வொன்றிலும் மூன்று படி வாங்கி, கட்டோடு கட்டாக மாணவர்களிடையே சுற்றவிட்டால் செலவு அடங்கும்.

முகாமைப் பற்றிச் சுருக்கமாக. ஒருவர் பிரதியை மற்றவர்கள் கூடி அலசும் பட்டறைக்கு எட்டுப் பேருக்கு மேல் கூடாது, ஓர் அமர்வுக்கு இரண்டு பிரதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி. பிரதிகள் மூன்று வாரம் முன்பே எல்லோர் கைக்கும் போயிருக்க வேண்டும். முன்பே படிக்காமல் அங்கே வந்து பிரதியைப் புரட்டுகிறவர் பேசக் கூடாது. எழுதியவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் பழைய முறை. நம் ஊரில் அது சரிவராது என்பது எங்கள் கருத்து. இங்கே இலக்கியக் கூட்டம் என்றால் ஒன்று பொன்னாடை, இல்லாவிட்டால் வதம். நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் வகுத்த நான்கு படி முறை பொருத்தமாக இருக்கும்: முதலில் பிரதியில் எது மனதில் தங்கியது என்று மற்றவர்கள் சொல்வது; அடுத்து எழுதியவர் தன் கேள்விகளைக் கேட்பது; பிறகு மற்றவர்கள் தீர்ப்பு கலக்காமல் கேள்வி கேட்பது; கடைசியில், எழுதியவர் சம்மதித்தால் மட்டும், கருத்து. மூன்றாம் படிதான் கடினம். “ஏன் இப்படிச் சொதப்பினீர்கள்?” என்பதையும் கேள்வி என்றே நினைப்பவர்கள் உண்டு.

மூன்றாம் பருவத்தில் ஒரு நுட்பத்தைப் பற்றி முப்பது நாற்பது பக்க நீள்கட்டுரை. நான்காம் பருவத்தில் முழுப் பிரதி: உரைநடை என்றால் நூறு பக்கத்துக்கு மேல், கவிதை என்றால் ஐம்பது பக்கம். ஐந்தாம் முகாமில் மாணவரே சக மாணவர்களுக்கு ஒரு மணி நேர வகுப்பு எடுக்க வேண்டும். பொதுமக்கள் முன் இருபது நிமிடம் வாசிக்க வேண்டும். அரங்கேற்றம் என்று நம்மிடமே அதற்குப் பெயர் இருக்கிறது.

பணம். 15 மாணவர், நான்கு வழிகாட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். பருவத்துக்கு 75 கட்டு. கட்டுக்கு 2,000 ரூபாய் என்றால் 1,50,000. வழிகாட்டிக்கு மாதச் சம்பளம் வேண்டாம், பதில் எழுதிய கட்டுக்கே ஊதியம், எழுதாவிட்டால் இல்லை. முகாமில் 20 பேருக்குப் பத்து நாள் சாப்பாடும் தங்கலும் தலைக்கு நாளொன்றுக்கு 700 என்றால் 1,40,000. வெளியூர் எழுத்தாளர்கள் வந்து போக 60,000, நூலும் ஜெராக்சும் 20,000. ஆக 3,70,000. மாணவருக்குப் பருவக் கட்டணம் 25,000 வைத்தால் சரிக்கட்டிவிடும். ஐந்தாம் முகாமுக்கு மட்டும் தனியே உதவி தேட வேண்டும். கட்டடம், புது இருக்கை, ஏசி அரங்கு எதுவும் தேவையில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க: அமெரிக்காவில் ஒரு பருவத்துக்கு 8,000 முதல் 12,000 டாலர் வரை கேட்பது சாதாரணம், ஐந்து முறை விமானச் செலவு தனி. வளாகத்தில் இருக்கமாட்டோம் என்பதால் அங்கே முழுநேர மாணவர்களுக்குக் கிடைக்கும் உதவி ஆசிரியர் வேலையும் கட்டண விலக்கும் கிடையாது. இத்தகைய படிப்புக்கு மாணவர் விசாவுக்கான சான்றைப் பெரும்பாலான கல்லூரிகள் தருவதில்லை; சுற்றுலா விசாவில் போய்ப் பட்டப்படிப்புக்கு உட்காரவும் சட்டம் இடம் தராது. இதைக் கேட்காமல் முன்பணம் கட்டிவிடக் கூடாது. பட்டத்தை இங்கே காட்டி வேலை தேடும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டுப் பட்டங்களுக்கு இணைச் சான்று தருவது குறித்துப் பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் வெளியிட்ட விதிகளை முதலில் படிக்க வேண்டும். நடத்தும் நிறுவனத்தின் நிதி நிலையையும் விசாரிக்க வேண்டும். ஹாங்காங் நகரப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கிய இதே வகைப் படிப்புக்கு 2015இல் சேர்க்கையை நிறுத்தியது. இம்முறை பிறந்த காடர்ட் கல்லூரியே 2024இல் மூடப்பட்டது.

இங்கே யார் நடத்துவது? சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம் முன்வந்தால் நல்லது. பட்டமாக, தொலைநிலை வழியில் என்றால் மானியக் குழுவின் அனுமதிக்குக் காத்திருக்க நேரும். அதுவரை ஏதாவது ஒரு கல்லூரியின் தமிழ்த்துறை இரண்டு பருவச் சான்றிதழ்ப் படிப்பாக நடத்திப் பார்க்கலாம். பத்துக் கட்டு போனாலே தெரிந்துவிடும். சேர்க்கைக்கு மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும் வேண்டாம். பெயர் மறைத்த 4,000 சொல் பிரதி, அதிலுள்ள ஒரு கதையின் முந்தைய வரைவு, இரண்டுக்கும் நடுவில் எதை ஏன் மாற்றினேன் என்று ஒரு பக்கம். எழுத வருமா என்பதைவிடத் திருத்த வருமா என்பதே இந்தப் படிப்புக்குத் தேவை, அது அந்த ஒரு பக்கத்தில் தெரியும்.

நாள் குறிப்பதில்தான் நம் ஊர்க் கணக்கு வேண்டும். குளிர்கால முகாமை அரையாண்டு விடுமுறையை ஒட்டி டிசம்பர் கடைசியில் வைத்தால் பள்ளி ஆசிரியர்கள் வர முடியும். கோடை முகாமுக்குக் கல்லூரி விடுதி காலியாக இருக்கும் மே மாதமே தோது. ஏலகிரி மேல் எல்லோருக்கும் ஆசை வரும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருப்பது வேறு கவர்ச்சி. ஆனால் மே மாதத்தில் அங்கே அறை வாடகை நம் 700 ரூபாய்க் கணக்குக்கு அடங்காது. வேலூர் வெயிலிலேயே, காலை ஆறரையிலிருந்து பத்தரை வரை பட்டறை, மாலை ஐந்துக்கு மேல் வாசிப்பு, நடுவில் உறக்கமும் எழுத்தும் என்று வைத்துக்கொள்ளலாம். 2026, 2027, 2028 மூன்று ஆண்டும் பக்ரீத் மே மாதத்தில் விழுகிறது. 2027இல் மாத நடுவில், 2028இல் முதல் வாரத்திலேயே. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் விட்டு முகாம் தேதி வைக்காவிட்டால் ஆம்பூர், வாணியம்பாடி மாணவர்கள் வரமாட்டார்கள். டிசம்பரில் முதல் முகாம் என்றால் பிரதி கேட்கும் அறிவிப்பு ஆகஸ்டில் வந்துவிட வேண்டும், அக்டோபர் கடைசியில் தேர்வு முடிய வேண்டும், நவம்பர் இறுதிக்குள் பட்டறைப் பிரதிகள் தபாலில் சேர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
எழுத்துப் பயிற்சி தரும் தமிழாசிரியர்கள் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.